ஒகிசுவும் பாரிஸின் பழைய சுவர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஓவியன் இல்லை. ஓவியத்தை முறையாகப் படித்தவனும் இல்லை. எங்கள் வாசகர் வட்டத்தில் மாதம் ஒரு ஞாயிறு, சுவரில் வேட்டியைக் கட்டி அதில் படம் போட்டுக் காட்டுவது என் வேலை. மற்ற ஓவியர்களின் படம் போட்டால் பேச்சு எங்கெங்கோ போகும். ஒகிசு தகானோரியின் பாரிஸ் தெருக்களைப் போட்டால் மட்டும் சொல்லிவைத்தாற்போல அதே கேள்விகள் வரும். ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயிலிருந்து வந்தபடியே விட்டிருக்கிறேன்.

"யாருங்க இவர்? பேரே கேள்விப்பட்டதில்லையே."

1901 நவம்பர் 30 அன்று, ஜப்பானில் நகோயாவுக்குப் பக்கத்தில் உள்ள இனசாவாவில் பிறந்தவர். 1922-ல் டோக்கியோ கலைப்பள்ளியின் மேலைநாட்டு ஓவியப் பிரிவில் சேர்ந்து 1927-ல் முடித்தார். முடித்த கையோடு அந்த ஆண்டே பாரிஸுக்குப் போய்விட்டார். அப்போது வயது 25. 1986 அக்டோபர் 14 அன்று, 84 வயதில், அதே பாரிஸில் இறந்தார். நடுவில் போரால் ஜப்பானில் இருக்க நேர்ந்த எட்டு ஆண்டுகளைக் கழித்தால், ஏறக்குறைய அரை நூற்றாண்டு அங்கேதான்.

அத்தனை காலமும் அவர் வரைந்தது பெரும்பாலும் ஒன்றையே: தெரு. அதிலும் பெரிய சாலைகள் இல்லை. சந்து, மூலைக்கடை, காரை பெயர்ந்த சுவர், ஒருபக்கம் சாய்ந்த ஜன்னல் கதவு, கூரைமேல் வரிசையாக நிற்கும் புகைபோக்கிகள். பேர் கேள்விப்படாதது உங்கள் குற்றமில்லை. ஜப்பானிய ஓவியம் என்றதும் நமக்கு ஹொகுசாயின் அலை ஞாபகம் வரும், அதோடு நின்றுவிடுவோம்.

"ஒகிசுவா, ஒகிஸா? ரெண்டு மாதிரியும் எழுதியிருக்காங்களே."

இரண்டும் சரி. ஊரில் ஒகிசு. பாரிஸில் தன் பெயரை ரோமன் எழுத்தில் ஜப்பானிய முறைப்படி எழுதினால் பிரெஞ்சுக்காரர்கள் அதை 'ஒஜிசு' என்று வாசித்துவிடுவார்கள் என்பதால், எழுத்துக்கூட்டலையே மாற்றிக்கொண்டார். 'க' ஒலி காப்பாற்றப்பட நடுவில் ஒரு எழுத்தைச் சேர்த்தார், கடைசியில் இரட்டை 'எஸ்' போட்டு முடித்தார். ஜப்பானியப் பேச்சில் கடைசி 'சு' பாதி விழுங்கப்பட்டு 'ஸ்' என்றுதான் காதில் விழும். எனவே இந்த மாற்றம் நெருடவும் இல்லை.

படங்களின் மூலையில் இருக்கும் கையெழுத்து இதுதான். அவர் ஊரில் உள்ள அருங்காட்சியகமும் ரோமன் எழுத்தில் இந்தப் பிரெஞ்சுக் கூட்டலையே வைத்திருக்கிறது.

"ஏன் பாரிஸ் போகணும்? ஜப்பான்ல வரைய தெரு இல்லையா?"

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், கொஞ்சம் கோபத்தோடு. அந்தக் காலத்து ஜப்பானில் ஓவியம் இரண்டு தனி வழிகளாகப் பிரிந்திருந்தது. பட்டிலும் தாளிலும் மரபு வண்ணங்களில் வரைவது 'நிஹோங்கா'. கான்வாஸில் எண்ணெய் வண்ணத்தில் வரைவது 'யோகா'; நம் ஆசனப் பயிற்சியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், 'மேலைநாட்டு ஓவியம்' என்பதற்கான ஜப்பானியச் சொல் அது. ஆசிரியர், மாணவர், கண்காட்சி எல்லாமே வேறு வேறு. இந்த இரண்டாம் வழிக்குப் பள்ளியில் இடம் பிடித்துக்கொடுத்தவர் குரோதா செய்கி. 1884-ல் சட்டம் படிக்கப் பாரிஸ் போய், 1893-ல் ஓவியராகத் திரும்பியவர். 1896-ல் டோக்கியோ கலைப்பள்ளியில் மேலைநாட்டு ஓவியப் பிரிவு தொடங்கியபோது பொறுப்பு அவரிடம் வந்தது. அந்தப் பிரிவில் படித்தவனுக்குப் பாரிஸ் என்பது வெளிநாடு மட்டுமில்லை, தான் அச்சில் மட்டுமே பார்த்த படங்களின் அசல் இருக்கும் இடம்.

எனவே போனதில் அதிசயம் இல்லை. 1920-களில் நூற்றுக்கணக்கான ஜப்பானிய ஓவியர்கள் போனார்கள். பெரும்பாலானோர் இரண்டு மூன்று வருடம் இருந்து, சில கண்காட்சிகளில் படம் வைத்து, அந்தப் பெருமையோடு ஊர் திரும்பி ஆசிரியர் வேலையில் அமர்ந்தார்கள். ஒகிசு திரும்பவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஜப்பானில் தெரு இல்லையா என்பதற்கு என்னைவிட நல்ல பதிலை இன்னொருவர் தன் கையாலேயே எழுதிப் பார்த்தார். அவரைப் பற்றி அடுத்த கேள்வி.

"சாயேகி, சாயேகின்னு ஒருத்தர் பேரும் கூடவே வருதே, அவர் யார்?"

சாயேகி யூசோ. ஒகிசுவுக்கு மூன்று வயது மூத்தவர், அதே கலைப்பள்ளி. ஒசாகாவில் ஒரு புத்தக் கோயில் குடும்பத்தில் 1898-ல் பிறந்தார். 1923 செப்டம்பர் 1 அன்று வந்த பெரும் நிலநடுக்கத்திலும் தீயிலும் டோக்கியோ பகுதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அந்த வருட நவம்பரில் அவர் மனைவியோடும் கைக்குழந்தையோடும் கப்பல் ஏறினார். 1924 கோடையில், தான் வரைந்த ஒரு நிர்வாணப் படத்தை எடுத்துக்கொண்டு பாரிஸுக்கு வெளியே குடியிருந்த விளாமங்க் என்ற மூர்க்கமான ஓவியரைப் பார்க்கப் போனார். படத்தைப் பார்த்ததும் விளாமங்க், இது பள்ளிக்கூட ஓவியம் என்று கத்தித் தீர்த்துவிட்டார். அந்த வருடமே சாயேகி வரைந்த தன் உருவப்படம் ஒன்று இருக்கிறது: கையில் தூரிகையும் வண்ணத்தட்டுமாக நிற்கிறார், முகம் மட்டும் கத்தியால் சுரண்டி எடுக்கப்பட்டிருக்கிறது. எங்கள் வட்டத்தில் அதைப் போட்டுக் காட்டிய அன்று கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அதன்பிறகு அவர் தெருவுக்கு வந்தார். செருப்புத் தைக்கும் கடையின் வெள்ளைச் சுவர் 1925-ல் பாரிஸின் இலையுதிர்காலக் கண்காட்சிக்குத் தேர்வானது. உடல்நிலையை நினைத்துக் குடும்பம் வற்புறுத்த, 1926-ல் ஊர் திரும்பினார். டோக்கியோவில் வீட்டைச் சுற்றியுள்ள ஷிமோ-ஒச்சியாய் பகுதியை வரைந்துவரைந்து பார்த்தார். அந்தப் படங்களில் மின்கம்பங்கள் இருக்கும், ஒசாகா துறைமுகத்தில் வரைந்தவற்றில் பாய்மரங்கள் இருக்கும். அவர் தூரிகை கோடுகளைத் தேடி அலைவது தெரியும். ஆனால் சாய்வதற்கு ஒரு சுவர் இல்லை. மரவீடுகள் தாழ்வாகக் கிடக்க, மேலே வானம்தான் பாதிப் படத்தைப் பிடித்துக்கொள்கிறது. 'ஜப்பானில் தெரு இல்லையா' என்பதற்கு அந்தப் படங்கள்தான் பதில். தெரு இருந்தது, அவருக்கு வேண்டிய சுவர் இல்லை.

1927 ஆகஸ்டில் சைபீரிய ரயிலில் மறுபடி பாரிஸ். ஒகிசு வந்து சேர்ந்தது அதே வருட அக்டோபரில். 1928 பிப்ரவரியில் சாயேகி, ஒகிசுவையும் இன்னும் சில இளைஞர்களையும் கூட்டிக்கொண்டு வில்லியே-சுர்-மொரான் என்ற கிராமத்துக்குப் போய், குளிரில் காலை முதல் மாலை வரை வரையவைத்தார். மார்ச்சில் படுக்கையில் விழுந்தார். காசநோயோடு மனநிலையும் பிறழ, பாரிஸுக்கு அருகில் ஒரு மனநல மருத்துவமனையில் ஆகஸ்ட் 16 அன்று இறந்தார். வயது 30. இரண்டு வாரத்தில் ஆறு வயது மகளும் அதே நோயில் போனாள். மனைவி யோனேகோ, அவரும் ஓவியர், சாம்பலோடு ஊர் திரும்பினார். ஒகிசு பாரிஸுக்கு வந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"ஈஃபிள் டவர் ஒரு படத்துலகூட இல்லையே! பாரிஸ்னு எப்படி நம்புறது?"

இதைக் கேட்டவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் நல்ல கேள்வி. ஒகிசுவின் பாரிஸ் விருந்தாளிக்குக் காட்டும் முன்னறை இல்லை, அடுப்படி. நகரத்தின் அகன்ற நேர்சாலைகள் 1850-களிலும் 60-களிலும் ஓஸ்மான் என்ற நகர நிர்வாகி பழைய வீடுகளை இடித்துப் போட்டவை. அந்த இடிப்பிலிருந்து தப்பிய கோணல்மாணல் தெருக்கள் மரே, பெல்வீல், மோன்மார்த்ர், பழைய அங்காடியான லே ஆல் சுற்றுவட்டம் என்று ஆங்காங்கே மிச்சம் இருந்தன. ஒகிசு போய் நின்றது அங்கெல்லாம்.

பாரிஸ் என்பதற்கு அடையாளம் அந்தச் சாம்பல் வெள்ளைதான். மோன்மார்த்ர் குன்றின் அடியில் ஜிப்சம் கிடைத்தது. அதைச் சுட்டுப் பொடித்த சாந்துதான் இன்றைக்கும் உலகம் முழுக்கப் பாரிஸ் பெயரால் விற்கிறது. பழைய மரச்சட்ட வீடுகளைத் தீக்குப் பயந்து அந்தச் சாந்தால் பூசி மூடினார்கள். மழை அதைக் கறையாக்கும், புகை கருக்கும், பெயர்ந்த இடத்தில் மறுபடி பூசினால் வேறு நிறத்தில் ஒட்டுப்போடும். ஒகிசு வரைவது அந்த ஒட்டுகளை.

"சுவர் பூரா எழுத்தா இருக்கு. ஃப்ரெஞ்சு தெரிஞ்சாத்தான் ரசிக்க முடியுமா?"

தெரியாமலே ரசிக்கலாம், அந்த எழுத்துகளைப் படமாக எடுத்துக்கொண்டால். தெரிந்தால் கூடுதலாக ஒரு கதை கிடைக்கும். அடிக்கடி கண்ணில்படுவது விறகு, கரி, ஒயின், ஹோட்டல் ஆகிய சொற்கள். விறகும் கரியும் விற்கும் கடைக்காரர்கள் பலர் நடு பிரான்சின் ஓவெர்ன் மலைப்பகுதியிலிருந்து பிழைக்க வந்தவர்கள். கடையின் ஒரு பக்கம் கரி மூட்டை, மறுபக்கம் ஒயின் குடிக்க இரண்டு மேசை. 'ஹோட்டல்' என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் வாரக் கூலிக்காரர்கள் அறை எடுக்கும் மலிவு விடுதி. பாரிஸின் சுவர்களில் பரவலாகக் காணப்படும் இன்னொரு வாசகம் 'சுவரொட்டி ஒட்டத் தடை, 1881 ஜூலை 29 சட்டம்' என்பது. பத்திரிகைச் சுதந்திரத்தோடு சுவரொட்டிக்கும் உரிமை கொடுத்த சட்டம் அது. எங்கே ஒட்டக்கூடாது என்றும் அதுவே சொன்னது. சட்டத்தை எழுதிவைத்த சுவரிலேயே ஒட்டிவிட்டுப் போவதும் வழக்கம்தான்.

சாயேகி இந்த எழுத்துகளைக் கிட்டத்தட்டக் கிறுக்கினார். 1927-ல் அவர் வரைந்த விளக்குக் கம்பமும் விளம்பரங்களும் கொண்ட படத்தில், கிழிந்த தாள்களின் எழுத்துகள் சொல்லாக நிற்காமல் கறுப்புக் கோடுகளாகப் பறக்கும். ஒகிசு எதிர்த் திசையில் போனார். அவர் படத்தில் கடைப்பெயர் நிதானமாக, எழுத்து எழுத்தாக, பெயர்ப்பலகை எழுதுபவரின் கையோடு இருக்கும். எனக்குத் தோன்றுவது: சாயேகி எழுத்தை எரிகிற பொருளாகப் பார்த்தார், ஒகிசு அதை அந்த வீட்டின் முகவரியாகப் பார்த்தார்.

"இது உத்ரிலோவைக் காப்பி அடிச்சது தானே? எனக்கு வித்தியாசமே தெரியலை."

முதல் பார்வைக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். மோன்மார்த்ரில் 1883-ல் பிறந்த உத்ரிலோ, வண்ணத்தோடு சாந்தையே குழைத்து வெள்ளைச் சுவர்களை வரைந்தவர். ஒகிசு வந்து இறங்கிய காலத்தில் அந்தச் சுவர்கள் ஏற்கெனவே புகழ்பெற்றுவிட்டன. சாயேகியும் ஒகிசுவும் அவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள் என்பதில் ஒளிக்க ஏதுமில்லை.

ஆனால் உத்ரிலோ பல படங்களை அறைக்குள் உட்கார்ந்து அஞ்சலட்டையைப் பார்த்து வரைந்தார். அவர் தெரு ஒரு நாடக மேடைபோல நேராக உள்ளே ஓடும், தொலைவில் புள்ளியாக முடியும். ஒகிசு தெருவில் போய் நிற்கிறவர். அவருடைய வலுவான படங்களில் தெரு உள்ளே ஓடுவதில்லை. ஒரு வீடு நேர் எதிரே வந்து, ஒரு முகம்போல, படச்சட்டம் கொள்ளாமல் நிற்கும். படிக்கட்டின் கல் நடுவில் தேய்ந்திருக்கும், கதவின் கீழ்ப்பகுதியில் காலால் உதைத்த அழுக்கு இருக்கும். அஞ்சலட்டை அவ்வளவு கிட்டே வருவதில்லை.

ஒகிசுவுக்கு நெருங்கிய உறவு ஓவியரிடம் இல்லை, புகைப்படக்காரர் ஒருவரிடம் என்று சொல்வேன். அத்ஜே என்பவர் முப்பது வருடம் கனமான பெட்டிக் கேமராவைத் தூக்கிக்கொண்டு பாரிஸின் பழைய கடைமுகப்புகளைப் படமெடுத்தார். அவர் இறந்தது 1927 ஆகஸ்டில், அதாவது ஒகிசு பாரிஸுக்குள் நுழைவதற்குச் சில வாரம் முன்பு. இருவரும் சந்திக்கவில்லை. ஒருவர் கீழே வைத்த வேலையை இன்னொருவர் எடுத்ததுபோல எனக்குத் தோன்றுவது வெறும் தேதிப் பொருத்தம்தான், தெரியும். இருந்தாலும் அந்தத் தேதிகளைச் சொல்லாமல் இருக்க முடிவதில்லை.

"ஆளுங்களே இல்லையே, பேய் ஊர் மாதிரி இருக்கே?"

பெரும்பாலான படங்களில் இல்லை, இருந்தாலும் சின்னதாக ஓரமாகப் போவார்கள். ஆனால் பேய் ஊர் என்பதை ஏற்க மாட்டேன். ஜன்னலில் துணி காயும், கடைக்கதவு பாதி திறந்திருக்கும், ஒரு கைவண்டி சாய்த்து வைத்திருக்கும். முந்தைய பதிலில் சொன்ன தேய்ந்த படியைப் பாருங்கள், எத்தனை கால்கள் பட்டால் கல் குழியும்?

"ஏழைங்க கஷ்டப்பட்டு இருந்த இடத்தை அழகா வரைஞ்சு பணக்காரங்களுக்கு விக்கிறது சரியா?"

எங்கள் வட்டத்தில் ஒரு சகோதரி கேட்டது. அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை, வீட்டுக்குப் போய்ப் படித்தேன். பாரிஸ் நகராட்சி, வீடுவீடாகக் காசநோய் இறப்புகளைக் கணக்கெடுத்து, அதை வைத்து 17 பகுதிகளை 'வாழத் தகாதவை' என்று குறித்து இடிக்கத் திட்டமிட்டது. ஒகிசுவும் சாயேகியும் தேடிப்போன கறைபடிந்த சுவர்கள் பல அப்படிப்பட்ட பகுதிகளைச் சேர்ந்தவை. வெளிச்சம் நுழையாத முற்றம், ஈரம் காயாத அறை, பலருக்குச் சேர்த்து ஒரு கழிப்பிடம் என்ற வகை வாழ்க்கை. சாயேகி எதில் செத்தார் என்பதை மேலே சொல்லியிருக்கிறேன். அந்தச் சுவரின் அழகும் அந்த நோயும் ஒரே ஈரத்தில் வளர்ந்தவை.

ஆகவே சகோதரியின் கேள்வி நியாயமானது. ஒகிசு சார்பாக நான் சொல்லக்கூடியது, அவர் அந்த வறுமையைக் கண்ணீராக மாற்றவில்லை என்பது. அவர் படத்தில் ஏழைச் சிறுவன் கையேந்துவதில்லை, கிழவி தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பதில்லை. கடைக்காரர் தன் கடைக்குப் பூசிய பச்சை வண்ணம் இருக்கிறது, அதை அவர் எவ்வளவு பெருமையாகப் பூசியிருப்பார் என்பதும் இருக்கிறது. அது போதுமா என்று கேட்டால், வாங்கியவர்கள் வீட்டு வரவேற்பறையை நினைக்கும்போது எனக்கும் உறுத்தலாகத்தான் இருக்கிறது.

"யுத்த காலத்துல என்ன ஆனார்?"

ஐரோப்பாவில் போர் மூண்டதால் 1940-ல் ஜப்பான் திரும்பினார். 1948-ல் மறுபடி பாரிஸ். தோற்ற நாடு, அமெரிக்கப் படைகளின் ஆளுகை, சாதாரண ஜப்பானியர் வெளிநாடு போவதை நினைத்தும் பார்க்க முடியாத காலம் அது. போருக்குப் பின் பிரான்சுக்குள் அனுமதிக்கப்பட்ட முதல் ஜப்பானிய ஓவியர்களில் ஒருவராகப் போனார். வயது 46. முதல் முறை போனது எல்லோரும் போனதால் என்று சொல்லலாம். இரண்டாம் முறை போனதற்கு அந்த விளக்கம் பொருந்தாது. அந்தத் தெருக்களுக்காகவே போனார் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தென்படவில்லை.

"பின்னாடி வரைஞ்சதெல்லாம் பளிச்சுனு இருக்கே, மனசு மாறிடுச்சா?"

ஓரளவு ஆமாம். போருக்கு முந்திய படங்கள் கனமானவை, வண்ணம் தடித்து, கறுப்பும் பழுப்பும் மேலோங்கி இருக்கும். 1950-க்குப் பிறகு கோடு மெலிகிறது, வானம் திறக்கிறது, சிவப்பும் நீலமும் கடைமுகப்பில் துணிச்சலாக வருகின்றன. வயதாகி, பெயரும் வீடும் நிலைத்த ஒருவரின் கை அது. 1956-ல் பிரெஞ்சு அரசின் லெஜியோன் தொனர் விருதும் கிடைத்திருந்தது.

ஆனால் எல்லோரும் மனதையே காரணமாகச் சொல்லிவிட்டுச் சுவரை மறந்துவிடுகிறார்கள். 1960-களில் பண்பாட்டு அமைச்சராக இருந்த மல்ரோவின் காலத்தில் பாரிஸின் கட்டடங்களை வரிசையாகக் கழுவினார்கள். நூறு வருடக் கரி போய், உள்ளே இருந்த வெளிர்மஞ்சள் கல் வெளியே வந்தது. 1962-ல் அவர் பெயரால் வந்த சட்டம் மரே போன்ற பழைய பகுதிகளை இடிப்பிலிருந்து காத்தது, கூடவே பழுதுபார்த்துப் பளபளக்கவும் வைத்தது. லே ஆல் அங்காடியின் இரும்புக் கொட்டகைகள் 1971-ல் இடிபடத் தொடங்கின. பெல்வீலில் முழுத் தெருக்களே காணாமல் போயின. தெருவில் நின்று வரைகிறவரின் படம் வெளுத்தால், தெருவும் வெளுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

என் சொந்த அபிப்பிராயம்: கடைசி இருபது வருடப் படங்களில் சில, வாங்குபவர் எதிர்பார்ப்பதைக் கொடுத்த படங்கள். அழகானவை, ஆனால் படியில் தேய்மானம் இல்லை. 1930-களின் ஒகிசுதான் என் ஒகிசு. எங்கள் வட்டத்தில் பாதிப் பேர் இதை ஒத்துக்கொள்வதில்லை.

"வெனிஸ் படங்களும் இருக்கே?"

இருக்கின்றன, நிறைய. பெல்ஜியம், நெதர்லாந்து நகரங்களும் உண்டு. வெனிஸில் சுவரின் அடி தண்ணீரில் நிற்பதால் கறை கீழிருந்து மேலே ஏறும், பாரிஸில் மழையால் மேலிருந்து கீழே இறங்கும். இதைக் கவனித்துவிட்டால் அந்தப் படங்களைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

"எல்லாம் சரி, இதுல ஜப்பான் எங்க இருக்கு? ஃப்ரெஞ்சுக்காரர் வரைஞ்சதுன்னு சொன்னாலும் நம்பிடுவேனே."

சாயேகியிடம் காட்டுவது எளிது. மையில் தோய்த்த தூரிகையால் எழுதிப் பழகிய கை எண்ணெய் வண்ணத்தில் கோடு இழுத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். வண்ணத்தைச் சட்டென உறிஞ்சிக்கொள்ளும் கான்வாஸை அவரே தயாரித்துக்கொண்டார். அதனால் தூரிகை தாளில் ஓடுவதுபோல ஓடியது, தெருவில் நின்ற வாக்கில் படத்தை முடிக்க முடிந்தது.

ஒகிசுவிடம் அப்படி விரல் வைத்துக் காட்ட முடியாது. சிலர் ஹிரோஷிகே என்ற பழைய ஜப்பானிய ஓவியரின் மர அச்சுப்படங்களோடு, எடோ (டோக்கியோவின் பழைய பெயர்) நகரக் காட்சிகளோடு முடிச்சுப் போடுவார்கள்: அங்கேயும் கடைப்பலகை, கூரை வரிசை, ஓரம் வெட்டுப்பட்ட கட்டடம். அதே அச்சுப்படங்களை 1887-ல் வான்கோ பாரிஸில் உட்கார்ந்து எண்ணெய் வண்ணத்தில் நகலெடுத்தார் என்பதால், ஜப்பானிலிருந்து பாரிஸுக்குப் போனதை மறுபடி ஒரு ஜப்பானியர் போய் எடுத்துக்கொண்டார் என்றும் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை.

நான் பார்ப்பது வேறு. மரமும் தாளும் கொண்ட வீடுகளில் வளர்ந்து, 1923-ல் மாணவராக டோக்கியோ எரிந்ததைக் கண்ட தலைமுறை இவர்களுடையது. முந்நூறு வருடம் ஒரே இடத்தில் நின்று அழுக்கேறிய சுவர் என்பது பாரிஸ்காரருக்குக் கண்ணில்படாத பொருள். இவர்களுக்கு அது அதிசயம். பாரிஸ் மேயராக இருந்த ஷிராக், ஒகிசுவை மிகவும் பிரெஞ்சுத் தன்மை வாய்ந்த ஜப்பானியர் என்று பாராட்டினார். பாராட்டு சரிதான். ஆனால் பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகியவர் அந்தச் சுவரை ஐம்பது வருடம் உற்றுப் பார்த்திருக்க மாட்டார்.

"எங்க உறவினர் ஒருத்தர்கிட்ட ஒகிசு படம் ஒண்ணு இருக்கு. அசலா இருக்குமா?"

அசல் அச்சாக இருக்க வாய்ப்பு உண்டு. அவர் கல்லச்சுப் படங்கள் பல செய்தார். ஓரத்தில் பென்சில் கையெழுத்தும் 'இத்தனையில் இத்தனையாவது' என்ற எண்ணும் இருக்கும். எண்ணெய் ஓவியம் என்றால் என்னிடம் கேட்காதீர்கள், தெரிந்தவர்களே தடுமாறுகிற விஷயம் அது. 1990-களில் ஜப்பானின் தகேஃபு நகரம், சாயேகியின் படங்கள் என்று நன்கொடையாக வந்த ஒரு தொகுப்பை நம்பி அருங்காட்சியகமே கட்டத் திட்டமிட்டது. அவை அசல்தானா என்று பெரும் சர்ச்சை எழுந்து, திட்டம் கைவிடப்பட்டது.

"நேர்ல பார்க்கணும்னா எங்க போகணும்?"

ஒகிசுவுக்கு அவர் பிறந்த இனசாவா. 1983-ல், அவர் உயிரோடு இருக்கும்போதே, அவர் பெயரில் நகராட்சி திறந்த நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. நகோயாவிலிருந்து ரயிலில் சிறிது நேரம்தான். உள்ளே அவருடைய பாரிஸ் வேலையறையை அப்படியே அமைத்திருக்கிறார்கள்.

சாயேகிக்கு ஒசாகாவின் நகனோஷிமா கலை அருங்காட்சியகம், 2022-ல் திறந்தது. அங்குள்ள தொகுப்பின் வேர் யாமமோதோ ஹத்சுஜிரோ என்ற தொழிலதிபர். சாயேகியின் படங்களை வெறிகொண்டு சேர்த்தவர். அவர் சேர்த்தவற்றில் பெரும்பகுதி போர்க்காலக் குண்டுவீச்சில் எரிந்துபோனது. தப்பியவை 1983-ல் ஒசாகா நகருக்கு வந்தன. முகம் சுரண்டிய அந்தப் படமும் அங்கேதான். டோக்கியோ ஷின்ஜுகு பகுதியில் அவர் வேலையறையும் நினைவிடமாக இருக்கிறது, ஷிமோ-ஒச்சியாய் படங்கள் பிறந்த இடம்.

"சாயேகியா, ஒகிசுவா? ஒரு பேர் சொல்லுங்க."

சாயேகி. யோசிக்காமல் சொல்லிவிடுவேன். பாரிஸில் மொத்தமே மூன்று வருடம் இருந்து அவர் செய்ததை ஒகிசு ஐம்பது வருடத்தில் செய்யவில்லை. ஆனால் எந்தப் படத்தை வீட்டில் மாட்டி தினமும் பார்ப்பாய் என்று கேட்டால் ஒகிசு. சாயேகியின் சுவர் உங்களைத் தூங்கவிடாது.

"சாகுறவரைக்கும் அங்கேயே இருந்துட்டாரே, ஊர் அவரை மறந்துடுச்சா?"

மறக்கவில்லை. அருங்காட்சியகம் பற்றி மேலே சொன்னேன். 1986-ல் ஜப்பான் அரசு அதன் மிக உயர்ந்த பண்பாட்டு விருதை அவருக்கு முடிவு செய்தது. அதை வழங்குவது ஒவ்வொரு வருடமும் நவம்பர் 3 அன்று, டோக்கியோ அரண்மனையில். அவர் அக்டோபர் 14 அன்று பாரிஸில் தன் வேலையறையில் இறந்துபோனார்.